வேட்பாளரைப் பற்றி

மீனாம்பாள் அன்ரி மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வாக்குப் போட வந்திருந்தார். நான் கொடுத்த துண்டுப்பிரசுரத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார், பிறகு என்னிடமே திருப்பித் தந்தார்.

"நீங்களே வாசியுங்கோ தம்பி. ஆளைப் பற்றி ஒண்டும் தெரியாமல் எப்பிடிப் போடுறது?"

சிட்னியின் வென்ட்வேர்த்வில் மண்டபத்துக்கு வெளியே வரிசை ஊர்ந்துகொண்டிருந்தது. தேர்தல் சனிக்கிழமைதான். ஆனாலும் அன்ரி மாதிரிப் பொறுமையில்லாதவர்கள் முன்கூட்டியே வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள்.

எனக்கு இந்த நாட்டில் வாக்கு இல்லை. பதின்மூன்று வருடமாகப் பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக விசாவில் இருக்கிறேன். அதுவும் இந்த வெள்ளிக்கிழமையோடு சரி. அதற்குள் மனைவி பற்றிமாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று கடிதம் வந்துவிட்டது.

மகள் டிலக்சி ஐந்து வயதில் என்னோடு படகில் வந்தவள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மன்னாரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே தெருவில் கழுதைகள் நிற்கும் என்பதுதான்.

என்னை இலங்கை ஆமி பிடித்து வைத்திருந்ததற்கு ஆதாரம் இல்லையாம். அதனால்தான் புகலிடக் கேஸ் தோற்றது. சேட்டைக் கழற்றி முதுகைக் காட்டினேன். கொதித்த எண்ணெய் கொட்டினாலும் அப்படித் தழும்பு வரும் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

இனி மிச்சம் இருப்பது ஒரே ஒரு வழி. வேட்பாளர் டெரன்ஸ் குரூஸ் ஒரு கடிதம் தர வேண்டும். அதற்காகத்தான் பத்து நாளாக அவருடைய படம் போட்ட ரீசேட்டோடு இங்கே நிற்கிறேன். நானும் குரூஸ்தான். மன்னாரில் தடுக்கி விழுந்தால் ஒரு குரூஸின் மேல்தான் விழ வேண்டும், ஆகவே யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

அன்ரிக்கு வாசித்தேன்.

வைத்தியசாலையில் கூடுதல் கட்டில்கள். ரெயில் நிலையங்களில் கார் நிறுத்த இடம். பிள்ளை பராமரிப்புச் செலவு பாதியாகும். அன்ரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

நான்காவது எல்லைப் பாதுகாப்பு. படகில் வந்து வழக்குத் தோற்றவர்கள் தாமதமின்றித் திருப்பி அனுப்பப்படுவார்கள். இதை எத்தனையோ பேருக்கு வாசித்தாயிற்று, இன்னும் வேகமாகத்தான் வாசித்து முடிக்கிறேன்.

அன்ரி அதற்கும் தலையாட்டினார்.

அப்போது வேட்பாளரே அந்தப் பக்கம் வந்தார். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கை கொடுத்தார். போகிற போக்கில் என் தோளில் தட்டி, "தண்ணி குடிச்சனீங்களோ அண்ணை?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. நிற்க நேரம் எங்கே, பாவம்.

கடைசிப் பத்தியின் தலைப்பு 'வேட்பாளரைப் பற்றி'.

மன்னாரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். 1996 ஓகஸ்ற்றில் ஆமி வீட்டுக்குள் புகுந்து அவருடைய ஒரே அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனது. மூன்று மாதத்தின் பின் அண்ணனின் உருக்குலைந்த உடல்தான் கிடைத்தது. அதைக் காட்டித்தான் இருபது வயதில் சிட்னியில் புகலிடம் பெற்றார். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்துகொண்டே படித்து வழக்கறிஞர் ஆனார். இன்று பொதுவாழ்வுக்கு வந்ததும் அந்த அண்ணனின் நினைவாகத்தான்.

அன்ரியின் கண் நிறைந்துவிட்டது.

"அந்தப் பிள்ளைக்காக எண்டாலும் இவருக்குத்தான் போடுவன். நீங்களும் மன்னாரோ தம்பி? அந்த அண்ணனைத் தெரியுமோ?"

"ஓம் அன்ரி. தெரியும்."

அவருடைய ஆத்மா சாந்தியடையட்டும் என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, அன்ரி உள்ளே போனார்.

பதினொரு மாதம் வைத்திருந்துவிட்டு என்னை விட்டார்கள். நடந்தே வீட்டுக்குப் போனேன். கறுப்புச் சேலையோடு வாசலுக்கு வந்த அம்மா என்னைக் கண்டு அலறிவிட்டார். எனக்கு முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எவ்வளவோ காலமாகியிருந்தது. எங்கள் சேமக்காலையில் வேறு யாரோ ஒரு தாயின் பிள்ளை என் பெயர் போட்ட சிலுவைக்குக் கீழே கிடந்தான்.

தம்பி டெரன்ஸ் அதற்குள் சிட்னிக்கு வந்து, அண்ணனைக் கொன்றுவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்து, விசாவும் எடுத்துவிட்டான்.

அவன் பொய் எழுதவில்லை. அதை எழுதும்போது அழுதிருப்பான். சின்ன வயதிலிருந்தே அவன் என்னோடு ஒட்டியே திரிந்தவன். பிறகு திருத்தச் சொன்னபோதுதான் பயந்தான். விசா போய்விடும் என்றான், பிறகு குடியுரிமை போய்விடும் என்றான், பிறகு பெயர் கெட்டுவிடும் என்றான்.

என்னை ஆமி பிடித்ததற்கு இந்த நாட்டில் இருக்கிற ஒரே ஆதாரம் அவனுடைய ஃபைல்தான். அன்று செத்ததாக எழுதிய அண்ணன் உயிரோடு இருக்கிறான், அது இவன்தான் என்று அவன் கையெழுத்துப் போட்டுத் தந்தால் போதும்.

போன கிழமை அவனுடைய அலுவலகத்துக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, தம்பியின் காலைப் பிடித்தேன்.

சனிக்கிழமை தேர்தல் முடியட்டும், திங்கட்கிழமை முதல் வேலையாக எழுதித் தருகிறேன் என்றான்.