கீழ்த்தளத்துப் பாட்டு

“அந்த சர்ச்சா? அதுல இப்போ காசு கட்டிச் சுவரேறிப் பழகுறாங்க. பக்கத்து சர்ச்சு புத்தகக்கடை ஆயிடுச்சு. இன்னொண்ணை வீடு கட்டி வித்துட்டாங்க” என்றான் ஹென்க், போனைத் தடவியபடி.

அவன் மனைவி ஃபெம்கேவுக்கு அழுகை முட்டியது. “செவ்வாய்க்கிழமை அம்மாவை அடக்கம் பண்ணணும். சர்ச்சுக்காரங்க வந்து பாடணும்னு சாகும்போது கேட்டாங்க. இவ்வளவு பெரிய ஆம்ஸ்டர்டாம்ல பாட நாலு பேர் கிடைக்க மாட்டாங்களா?”

“உங்கம்மா எப்போ சர்ச்சுக்குப் போனாங்க? ஞாயித்துக்கிழமையானா நீச்சல் குளத்துக்கில்ல போவாங்க!”

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. எந்த சர்ச் என்று கேட்டதற்கு, “உனக்குப் பிடிக்காது, விடு” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள் அம்மா.

அந்த நேரம் பார்த்துக் கீழே, கார் நிறுத்துமிடத்தில், ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்காரர்கள் நடத்தும் சர்ச்சின் பாட்டு கிளம்பியது.

ஹென்க் கண்ணடித்தான். “இதோ இருக்கே சர்ச்சு, காலடியிலயே. போய்க் கேளேன்!”

ஃபெம்கேவின் முகம் சுண்டிப்போனது. ஞாயிறு தவறாமல் துடைப்பக் கட்டையால் தரையை இடித்தவள் அவள். நகராட்சிக்குப் போன் போட்டுப் போட்டு, மாதக் கடைசிக்குள் அவர்கள் இடத்தைக் காலி செய்யும்படி ஆக்கியவளும் அவளேதான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது?

ஆனாலும் அம்மாவுக்காகப் படியிறங்கினாள்.

கீழே எல்லோரும் துக்கத்துக்கு உடுத்தும் கறுப்பிலும் சிவப்பிலும் இருந்தார்கள். பாஸ்டரின் மனைவி ஒஃபோரிவா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காரும்மா. முதல்ல தண்ணி குடி. வந்த விஷயம் அப்புறம்.”

தான்தான் மேல்வீட்டுக்காரி என்று ஃபெம்கே சொல்லவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்துகொண்டு அம்மாவின் அடக்கத்தை மட்டும் சொன்னாள்.

“இதைக் கேக்கவா இவ்வளவு தயக்கம்? பாடாம இருப்போமா!” ஒஃபோரிவா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நாங்களும் துக்கத்துலதாம்மா இருக்கோம். எங்க எசி அம்மா போயிட்டாங்க. ஞாயித்துக்கிழமை பிறந்தவங்கன்னு நாங்க வெச்ச பேரு அது. எங்கே, எப்போ அடக்கம்னுகூடத் தெரியல.”

“வீட்ல கேக்கலாமே?”

“அவங்க பொண்ணுக்கு எங்களைக் கண்டாலே ஆகாதாம். துக்க வீட்ல போய் ஏன் சங்கடம்? அதான் இங்கேயே படத்தை வெச்சுப் பாடுறோம்.”

ஃபெம்கே திரும்பிப் பார்த்தாள். மெழுகுவத்திகளுக்குப் பின்னால் இருந்த படத்தில், தலையில் கானா நாட்டு முண்டாசு கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள் அவள் அம்மா.

ஒஃபோரிவா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “ராகமே வராது. ஆனா அவங்க குரல்தான் ஓங்கி நிக்கும். மேலே தரையை இடிச்சா நாங்க பயந்து நிறுத்திடுவோம். ‘நிறுத்தாதீங்கடி, என் பொண்ணு தாளம் போடுறா’ன்னு இன்னும் சத்தமாப் பாடுவாங்க.”