காணாமல் போன டிராயிங்

“தேடாத, பூங்கோதை. அது கெடைக்காது. அந்தப் பையன் சாவியோ அழிச்சிட்டான். அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான்” என்றார் அமிர்தம்.

விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் செய்யும் சின்னக் கம்பெனி அது. அமிர்தம்தான் முதலாளியம்மா. பூங்கோதை அங்கே டிராயிங் போடுபவள். பிரசவ லீவு முடிந்து இந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

அவள் இல்லாதபோது நடந்ததை அமிர்தமே சொன்னார். பெரிய ஃபியூஸுக்கான அச்சு தேய்ந்துபோய்விட்டது. புது அச்சு வெட்ட டிராயிங் வேண்டும். கம்ப்யூட்டரில் பார்த்தால் அந்த ஃபோல்டரே இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு சாவியோ. தேடிப் பார்க்கிறேன் என்று போனவன், பிறகு வந்து, தன் கைதான் எங்கேயோ பட்டு அழிந்திருக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டானாம். ஆர்டர் கைவிட்டுப் போனது. அன்றைக்கே அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

பூங்கோதைக்கும் கோபம்தான். சூளையில் எது எவ்வளவு சுருங்கும் என்று ஒவ்வொரு அளவையும் பார்த்துப் பார்த்து, வயிற்றுப் பிள்ளையோடு முதுகு ஒடிய உட்கார்ந்து அவள் வரைந்தது அது. ஒரு காப்பி எடுத்து வைக்கக்கூடத் தோன்றாதவனை நம்பிக் கம்ப்யூட்டரைக் கொடுத்தார்களே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

இப்போது ஆர்டர் கொடுத்த அதே பார்ட்டி மறுபடியும் கேட்கிறார்கள். இந்த முறையும் கையை விரித்தால், கம்பெனியில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது.

தேடும் கட்டத்தில் ‘ஃபியூஸ்’ என்று அடித்தாள். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து கடைசிவரை போய், ஒன்றும் இல்லை என்றது. பெயரை மாற்றி அடித்தாள். தேதியை வைத்துத் தேடினாள். அழித்ததெல்லாம் போய் விழும் குப்பைத் தொட்டியையும் கிளறினாள். இல்லை.

கம்ப்யூட்டரோடு வரும் தேடல் எல்லா இடத்துக்கும் போய்ப் பார்ப்பதில்லை என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். டிஸ்க்கில் இருக்கிற அத்தனை ஃபைல் பெயரையும் எடுத்துக் காட்ட ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கிறதாம். இறக்கிப் போட்டாள். பெயரை விட்டுவிட்டு, டிராயிங் ஃபைலுக்குக் கடைசியில் வரும் மூன்று எழுத்தை மட்டும் அடித்தாள்.

மளமளவென்று வந்து விழுந்தன. நடுவில் அதுவும் இருந்தது.

எங்கே இருக்கிறது என்று பக்கத்துக் கட்டத்தில் பார்த்தாள். யூசர்ஸ். அதற்குள் பூங்கோதை. அதற்குள் டெஸ்க்டாப்.

அவளுடைய சொந்த லாகின். லீவிலிருந்து வந்த பிறகு அதை அவள் திறக்கவே இல்லை. எல்லாரும் பொது லாகினில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆளாளுக்கு டிராயிங்கைத் திறந்து அளவைக் கெடுக்கிறார்கள் என்று, பொது இடத்தில் இருந்த ஃபோல்டரை அவள்தான் அப்படியே கட் பண்ணித் தன் லாகினில் போட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். சாயங்காலம் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தாள். மத்தியானமே வலி வந்துவிட்டது. ஏழாம் மாதம். ஆம்புலன்ஸில் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்கப்புறம் குழந்தை பிழைக்குமா என்பதைத் தவிர வேறெதுவும் அவள் நினைப்பில் இல்லை.

ஃபோல்டரைப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டு, தேடினேன், கிடைத்தது என்று சொல்லிவிடலாம். யாரும் துருவப்போவதில்லை. மவுஸ் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்து போய், அமிர்தத்திடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

அமிர்தம் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“அப்ப அவன் எதுக்குத் தன் தப்புன்னு சொன்னான்?”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“போன் போட்டு அவன வேலைக்கு வரச் சொல்லு. நான் கூப்பிட்டா எடுக்கமாட்டான்.”

சாவியோ இப்போது பெண்ணாடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தாள். போனை எடுத்தவன், பாப்பா எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டான். நல்லா இருக்கு என்றாள். அமிர்தத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி அவள் குரலில் இருந்தது.

“என்ன மன்னிச்சிடு சாவியோ. டிராயிங் என் லாகின்லதான் இருந்துச்சு. நீ அழிக்கல.”

“தெரியும்க்கா. தேடினப்பவே உங்க லாகின்ல இருக்கறதப் பாத்துட்டேன். தொறக்கத்தான் பாஸ்வேர்ட் இல்ல.”

“தெரிஞ்சுமா பழிய ஏத்துக்கிட்ட? அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா அந்த நிமிஷமே உங்களுக்குப் போன் வந்திருக்கும்க்கா.”

“வந்தா என்ன? பாஸ்வேர்ட சொல்லியிருப்பேன், அவ்வளவுதான? நீயாவது ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?”

அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

“கேக்கத்தான்க்கா புதுச்சேரி வரைக்கும் வந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாப்பா மூச்சு விடுதான்னு கண்ண எடுக்காம பாத்துக்கிட்டு நின்னீங்க. எனக்கு வாய் வரல. அப்படியே திரும்பி பஸ்ஸு ஏறிட்டேன்.”