கரடிக்குப் பிடித்த டீக்கடை

எட்டாம் நம்பர் கரடி தன் கழுத்துப்பட்டையைக் கழற்றி என் காலடியில் போட்டுவிட்டுப் போனது. பட்டை கழன்றால் கரடிக் காவலரான எனக்கு வேலை போய்விடும். அதனால் ஒரு வருஷம் அதை நானே இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது.

பட்டை தான் இருக்கும் இடத்தை மணிக்கொருதரம் வன அலுவலக இயந்திரத்துக்குச் சொல்லும். கரடி போயிருக்கக்கூடிய மற்ற இடங்களோடெல்லாம் ஒப்பிட்டுக் கணக்குப் போட்ட அந்த இயந்திரம், கரடி மிகவும் விரும்புவது கோத்தகிரி தேவசகாயத்தின் டீக்கடையைத்தான் என்று அறிவித்தது. விலங்கு விரும்பிய இடம் விலங்குக்கே என்பது இப்போது சட்டம். கடையைக் காலி செய்ய மூன்று நாள் கொடுத்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். தேவசகாயம் பாய்லரை இறக்கிக்கொண்டிருந்தான்.

“இனி எங்கே போவே?”

“மேட்டுப்பாளையத்துல மச்சான் வீடு இருக்குண்ணே. முப்பது வருஷம் டீ ஆத்துனேன், ஒருத்தனும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. நீங்களுந்தான். அது பாருங்க, காட்டையே விட்டுட்டு என் கடைக்கு வந்திருக்கு.” அவன் முகம் மலர்ந்திருந்தது. “பொண்டாட்டி நம்ப மாட்டேங்குறா. நிஜந்தானேண்ணே?”

நான் பாய்லரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“தினம் மூணு டீ குடிச்சுது.”