காலியாகாத நாற்காலி

ஜூன் மாதம் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, என் மருமகள் மென்பொருள் நிறுவன வேலையிலிருந்து முறைப்படி விலகி, மடிக்கணினியையும் திருப்பிக் கொடுத்தாள். வீட்டில் எது பழுதானாலும், "ஒருதடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க அத்தை" என்பதே அவள் சொல்லும் ஒரே யோசனை. வேறு நிறுவனத்தில் அவளுக்குப் புதிய வேலை காத்திருந்தது. அங்கே சேரப் பழைய நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் வேண்டும்.

மறுநாள் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். "ராஜினாமாவும் குடுக்கறீங்க, காலையில மீட்டிங்குக்கும் வர்றீங்க. நான் எப்படிம்மா ரிலீவிங் லெட்டர் குடுக்கறது?"

"நான் வரவே இல்லையே சார்!"

அவர் அந்த இணையவழிக் கூட்டத்தின் காணொளிப் பதிவை அனுப்பினார். அதில் அவள் எங்கள் சாப்பாட்டு மேசையருகே தன் வழக்கமான நாற்காலியில் அமர்ந்து, யாருக்கோ "முதல்ல ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க" என்றாள். பின்னால் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அன்று காலை நான் துணி மடித்தது உண்மை. மேசையருகே எவரும் இல்லை என்பதும் உண்மை.

"நல்லாப் பாருங்க அத்தை, அது நானா?"

"நீதான். கூன் போட்டு உட்காராதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

அவள் சிரிக்கவில்லை.

அந்த உருவம் தினமும் கூட்டத்துக்கு வந்தது. வேலைக்கு வருகிற ஒருவரை விடுவிக்க விதியில் இடமில்லை என்றார்கள் நிறுவனத்தில். புதிய வேலை வேறொருவருக்குப் போயிற்று.

இறுதியில் குடும்பமாகக் கூடி முடிவெடுத்தோம். மருமகள் மடிக்கணினியைத் திரும்பப் பெற்று, பழைய வேலையையே தொடர வேண்டும். தன் வழக்கமான நாற்காலியில் அல்லாமல், அதற்கு அடுத்த நாற்காலியில் அமர வேண்டும்.