ஒரு முழம் பட்டு

வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, பவுடர் டப்பாவோடு இன்ஜினுக்குப் பின்னாலிருந்த சந்துக்குள் கையை விட்டாள்.

வீட்டுக்காரரின் கை அதற்குள் போகவில்லை. வந்து பார்த்த மெக்கானிக்குகளின் கையும் போகவில்லை. உன் கைதான் போகும் என்று அவரேதான் கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காரை அவளைத் தொட விடாத மனிதர்.

இன்ஜின் சூட்டைத் தணிக்கும் பச்சைத் தண்ணீர், கூலன்ட், குறைந்துகொண்டே இருந்தது. ஊற்ற ஊற்றக் குறைந்தது. வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. எங்கேயோ கசிகிறது, கசிந்த இடத்திலேயே சூட்டில் காய்ந்தும் போகிறது என்றான் கடைசியாக வந்த மெக்கானிக்.

இன்றைக்கு ஏற்காட்டில் பழைய கார்களின் அணிவகுப்பு. தண்ணீர் இல்லாமல் மலை ஏறினால் இன்ஜின் செத்துவிடும் என்று வாரம் முழுக்கப் புலம்பினார். அவள் காய்ச்சலில் கிடந்தபோது இதில் பாதிகூடப் புலம்பியதில்லை.

இப்போது குளிக்கப் போயிருந்தார்.

சற்று முன்புதான் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தியிருந்தாள். கை எட்டிய குழாய்களின்மேலெல்லாம் பவுடரைத் தூவினாள். ஈரம் இருந்தால் காட்டிக் கொடுத்துவிடும்.

காட்டிக் கொடுத்தது.

பின்பக்கத்து ரப்பர் ஹோஸில், ஓரிடத்தில் மட்டும் பவுடர் பச்சையாகக் குழைந்திருந்தது. அந்த இடத்தில் சைக்கிள் டியூப்பைக் கீறி இறுகச் சுற்றியிருந்தார்கள். பழைய கட்டு.

கை பொறுக்கும் அளவுக்குச் சூடு தணிந்ததும் அவிழ்த்தாள்.

டியூப்புக்கு அடியில் துணி.

கரியும் எண்ணெயும் ஏறிய துணி. வீசி எறியப் போனாள். விரலில் ஏதோ சொரசொரவென்று பட்டது.

சரிகை.

பழைய துணியால் அழுத்தித் துடைத்தாள். அரக்கு நிறம் தெரிந்தது. ஒரு அன்னப் பறவை தெரிந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

அவளுடைய முகூர்த்தப் பட்டு.

நாத்தனார் கோகிலவாணியின் வளைகாப்புக்கு இரவல் கொடுத்த சேலை. ஆசைப்பட்டுக் கேட்டாள், இவளும் மனசாரக் கொடுத்தாள். விசேஷம் முடிந்ததும் அதைக் காரில் போட்டு எடுத்து வந்தவர் இவர். பிரித்துப் பார்த்தபோது, சொருகு முனையில் ஒரு முழம் இல்லை.

அன்றைக்கே நாத்தனார் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். கேட்டாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. தெருவே கூடி நின்றது. கோகிலவாணி வயிற்றுப் பிள்ளைமேல் சத்தியம் செய்தாள். பொய்க்குப் பிள்ளையை இழுக்காதே என்றாள் இவள்.

அதோடு சரி.

பிள்ளை பிறந்தது, போகவில்லை. காது குத்தினார்கள், போகவில்லை. கோகிலவாணியின் புருஷன் செத்தபோது வாசல்வரை போய் அப்படியே திரும்பினாள். வருஷா வருஷம் அந்தச் சேலையை எடுத்து நிழலில் உலர்த்துவாள். கிழிந்த முனை மேலே தெரியும்படி மடித்து வைப்பாள். கோபம் ஆறிவிடக் கூடாது.

இவர் கல்லுளிமங்கன். அத்தனை ரகளையிலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தது ஒரே ஒரு தடவை.

"அவ சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். விடு."

அன்றைக்கு அந்த வார்த்தை அவளுக்கு இதமாக இருந்தது.

அன்றைக்குச் சேலையோடு திரும்பும் வழியில் ஹோஸ் வெடித்திருக்கும். கைக்கு அகப்பட்டதைக் கிழித்துக் கட்டியிருப்பார். சொல்லியிருந்தால் இரண்டு நாள் கத்திவிட்டு மறந்திருப்பாள். சொல்லவில்லை. கூடப்பிறந்தவள் தலையில் பழியைக் கட்டிவிட்டு, மாசம் தவறாமல் அவள் வீட்டிலும் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார்.

உன் கைதான் போகும் என்று கூப்பிட்டாரே, அங்கே எதைக் கிழித்துக் கட்டினோம் என்பதே இப்போது மறந்து போயிருக்கும்.

குளியலறையில் அவர் பாடுவது கேட்டது.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷமும் தப்பான ஆள்மேல் கொட்டிய ஆத்திரம். அதில் ஒரு சொட்டுகூட இவர்மேல் படவில்லை.

பட்டுத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

டியூப்பை முன்போலவே சுற்றினாள். முன்போல இறுக்கவில்லை.

தண்ணீரை வழிய வழிய நிரப்பினாள். கோகிலவாணி வீடுவரைக்கும் தாங்கும். மலையடிவாரத்தில் அதுதான் கடைசி வீடு. அதைத் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள்தான்.

அவர் திருநீறும் வெள்ளைச் சட்டையுமாக வந்தார். கண்டுபிடித்தாயா என்று கேட்டார். கட்டு ஒன்று நெகிழ்ந்திருந்தது, சுற்றிவிட்டேன் என்றாள். பானட்டின்மேல் சிந்தியிருந்த பவுடரைத் தன் கைக்குட்டையால் பதமாகத் துடைத்தார். அவள் முழங்கை வரைக்கும் அப்பியிருந்த கரியைப் பார்க்கவில்லை.

கார் தெருமுனை திரும்பியது.

அவள் கை கழுவி, வளையல்களைப் போட்டுக்கொண்டாள். பீரோவிலிருந்து சேலையை எடுத்துப் பையில் வைத்தாள். அதன்மேல் அந்தக் கரித்துணியை வைத்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு போன் செய்தாள். எப்போதோ அழித்துவிட்ட எண், மனசில் அழியாமல் இருந்தது.

வெகுநேரம் அடித்தது. கோகிலவாணி எடுத்தாள்.

"வாணி, அண்ணி பேசறேன். உங்கண்ணன் வண்டி இப்ப உன் வாசல்ல வந்து நிக்கும். தண்ணி கேப்பாரு."

பஸ் வந்துகொண்டிருந்தது. பையை இடுப்போடு இடுக்கிக்கொண்டாள்.

"நான் வர்ற வரைக்கும் குடுக்காதே."