மூன்றாம் வாசிப்பு

அகராதி அலுவலகத்தில் மெய்ப்புப் பார்ப்பது இரண்டு பேர் வேலை. கையெழுத்துப் பிரதியைக் கமா, முற்றுப்புள்ளி உட்பட பங்கஜவல்லி உரக்கப் படிப்பாள். எதிரே இருதயராஜ் அச்சுத்தாளில் சரிபார்ப்பான். பதினோரு வருடத்தில் எதையும் அவன் திரும்பப் படிக்கச் சொன்னதில்லை. நாளை அவளுக்குத் தஞ்சாவூருக்கு மாற்றல். கடைசித் தாளில் ‘கப்பிள்’ என்ற ஆங்கிலச் சொல் வந்தது.

“பழைய பொருள், கமா, இரண்டு வேட்டைநாய்களைச் சேர்த்துக் கட்டும் வார், முற்றுப்புள்ளி. கூரை உச்சியில் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இரு மரங்கள், முற்றுப்புள்ளி. இணைந்து வாழும் இருவர், முற்றுப்புள்ளி.”

“இன்னொரு தடவ படிங்க மேடம்.”

படித்தாள்.

“இன்னும் ஒரு தடவ.”

“தப்பு ஏதும் இருக்கா சார்?”

“இல்ல.” அவன் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவள் பிரதியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அவனைப் பார்த்தபடியே நாய்களின் வாரையும் கூரை மரங்களையும் ஒரு கமா விடாமல் சொன்னாள். “இணைந்து வாழும் இருவர்” என்றதும் நிறுத்தினாள்.

தாளில் இருந்த முற்றுப்புள்ளியின்மேல் அவன் பேனா வந்து நின்றது. அவள் அதைச் சொல்லவே இல்லை.