முன்சீட்டு

என் வேனின் முன்பக்க இடது டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்து, ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெடித்தது. அன்று பக்கத்தில் இருந்த என் மனைவி செல்லக்கனி அதற்குப் பிறகு முன்சீட்டில் உட்காருவதில்லை. புது டயர் போட்டேன். அதுவும் அப்படியே தேய்ந்தது.

"டயரை ஏசாதீங்க அண்ணாச்சி. சக்கரத்தைப் பிடிச்சிருக்குற பால் ஜாயிண்டும் புஷ்ஷும் போச்சு," என்றான் மெக்கானிக் ஜெபராஜ்.

பழசையே துடைத்து மாட்டிவிடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். "கழட்டுனதை என் கையில குடுல," என்றேன்.

சிரித்துக்கொண்டே கொடுத்தான். பால் ஜாயிண்ட் தொட்டதும் லொடலொடவென்று ஆடியது. புதியதை அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. அதையும் புது புஷ்ஷையும் மாட்டவைத்து, சக்கர அலைன்மென்ட்டும் பார்த்து, வீட்டுக்கு ஓட்டிவந்தேன்.

பழையதைச் செல்லக்கனியிடம் நீட்டினேன். ஆட்டிப் பார்த்தாள்.

"இதை நம்பியா என்னையப் பக்கத்துல உக்கார வச்சீரு?"

புதியது மாட்டியிருந்த சக்கரத்தைக் காட்டினேன். அவள் முன்கதவைத் திறந்து, சீட்டுத் தூசியை முந்தானையால் தட்டத் தொடங்கினாள்.